கல்லூரி வகுப்பறை: கேள்வி பதில்

புதுச்சேரியில் உளவியல் கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியர், கல்லூரி ஆசிரியர்களுக்குப் பதில் சொல்கிறார்.

பாடம் நடத்தும் முறையை மேம்படுத்துவதையே ஓர் உளவியல் பேராசிரியர் வாழ்நாள் வேலையாக வைத்துக்கொள்ள முடியுமா மேடம்? (லாஸ்பேட்டை)

தாராளமாக. அமெரிக்க உளவியல் பேராசிரியர் வில்பர்ட் மெக்கீச்சி அப்படித்தான் வாழ்ந்தார். 1921இல் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரில் கடற்படையில் இருந்துவிட்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 1949இல் முனைவர் பட்டம் வாங்கி அங்கேயே ஆசிரியரானார். புதிதாக வகுப்பெடுக்க வருபவர்களுக்காக அவர் எழுதிய 'டீச்சிங் டிப்ஸ்' என்ற நூல் 1951இலிருந்து பதிப்பு மேல் பதிப்பாக வந்தது. 1976இல் அமெரிக்க உளவியல் சங்கத் தலைவர். 2019இல் 97 வயதில் காலமானார்.

அவரும் சக ஆய்வாளர்களும் ஆய்வுகளைத் தொகுத்துக் கண்டது இது: பருவ முடிவில் வெறும் தகவலைக் கேட்டால், விரிவுரைக்கும் கலந்துரையாடலுக்கும் பெரிய வித்தியாசமில்லை. நாள் கழித்தும் நினைவிருக்கிறதா, புதுக் கணக்கில் பயன்படுத்த வருகிறதா என்று பார்த்தால் கலந்துரையாடல் முந்துகிறது. நோட்ஸ் சொல்லி எழுத வைப்பதை நிறுத்துங்கள் என்று நான் கெஞ்சுவது இதனால்தான்.

எண்பது பேர் வகுப்பில் எங்கே கலந்துரையாடுவது? (நெல்லிக்குப்பம்)

பாதியில் நிறுத்தி, நோட்டை மூடச் சொல்லி, நினைவில் இருப்பதை எழுதச் சொல்லுங்கள். அப்புறம் பக்கத்தில் இருப்பவரிடம் பேசட்டும். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள்.

பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று பிரித்து நடத்தலாமா? (பாகூர்)

வேண்டாம். அப்படி நடத்துவதற்குப் போதிய ஆதாரமில்லை என்று 2008இலேயே விரிவான ஆய்வுத் தொகுப்பு வந்துவிட்டது.

கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுப் பாடத்திட்டம் கிடைக்குமா? (பண்ருட்டி)

யுஜிசி தளத்தில் பாருங்கள்.

ஆசிரியரை மாணவர்கள் மதிப்பிடும் கருத்துப் படிவத்தை ஒழிக்க வேண்டும். கறாராக மார்க் போட்டால் பழிவாங்குகிறார்கள். (வில்லியனூர்)

ஒழிக்கக் கூடாது சார். குரல் கேட்கிறதா, உதாரணம் புரிகிறதா என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் பருவ முடிவில் வாங்கிப் பீரோவில் வைத்தால் பயனில்லை. நடுப்பருவத்தில், பெயரில்லாமல், இரண்டே கேள்வி கேளுங்கள்: எது உதவுகிறது, எதை மாற்றலாம்?

வில்லியனூர்க்காரர் சொல்வது சரி. மாணவர் மதிப்பீட்டில் 4.1 புள்ளி வாங்கிய ஆசிரியரை விட்டு 4.2 வாங்கியவருக்குப் பாராட்டு என்றால்? (மஞ்சக்குப்பம்)

அந்தக் கோபம் நியாயம். மெக்கீச்சியும் 1997இல் இதைத்தான் எழுதினார்: மாணவர் மதிப்பீடு நம்பத்தக்கதுதான், அதை வைத்து ஆசிரியர்களைப் பற்றி முடிவெடுக்கையில் சின்னப் புள்ளி வித்தியாசத்தைப் பெரிதாக்கும் குழுக்களிடம்தான் சிக்கல். குழுவைத் திருத்தப் போராடுங்கள், நானும் வருகிறேன். பிள்ளைகளின் வாயை அடைக்காதீர்கள்.

படிவத்தை ஒழித்தால் என்ன? (திருப்பாதிரிப்புலியூர்)

மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன்.

பவர்பாயிண்ட் நல்லதா? (அரியாங்குப்பம்)

படம் காட்ட நல்லது. அதைப் பார்த்து எழுதிக்கொள்ளச் சொன்னால், அதுவும் நோட்ஸ்தான்.