கலர் கார்டில் மரத் துப்பாக்கி இன்னும் வேண்டுமா?

கேள்வி: டெக்சாஸில் டாலஸ் பக்கம் இருக்கிறோம். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள், பள்ளி மார்ச்சிங் பேண்டின் கலர் கார்டு குழுவில் (இசைக்கு ஏற்பக் கொடி, மரத் துப்பாக்கி, வாள் சுழற்றி ஆடும் குழு) போன வருடம் முழுக்கக் கொடி சுழற்றினாள். இந்த வருடம், "வெப்பன் லைன்ல எடுத்துட்டாங்கம்மா" என்று, அதாவது துப்பாக்கியும் வாளும் சுழற்றும் வரிசையில் இடம் கிடைத்ததென்று, குதித்துக்கொண்டு வந்தாள். வெள்ளை டேப் சுற்றிய மரத் துப்பாக்கி ஒன்றைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறாள். போட்டோவைப் பார்த்த என் மாமியார் ஊரிலிருந்து போன் செய்து, "பள்ளிக்கூடத்துல புள்ளைக்கு எதுக்கும்மா துப்பாக்கி?" என்று கேட்டார். யுவால்டி பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு எனக்கும் மனம் ஒப்பவில்லை. இப்போது பேண்ட் டைரக்டர், அடுத்த சீசனில் ரைஃபிளை நிறுத்தலாமா என்று பெற்றோரிடம் எழுத்தில் கருத்துக் கேட்டிருக்கிறார். நிறுத்தச் சொன்னால் மகள் என்னோடு பேச மாட்டாள். என்ன எழுதுவது?
— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் கற்றுக்கொள்ளும் வித்தை பள்ளியில் இருக்க வேண்டும். துப்பாக்கி என்கிற அந்த உருவம் போகலாம். இரண்டையும் பிரிக்க முடியும் என்றுதான் நினைக்கிறேன்.

அவள் கையில் இருப்பது என்ன என்று ஒருமுறை வாங்கிப் பாருங்கள். பெரும்பாலும் 36 முதல் 39 அங்குல நீளம், சுமார் ஒன்றரை கிலோ எடை. குழலும் கிடையாது, துளையும் கிடையாது. ஒரே மரத்தை இழைத்து, நிஜத் துப்பாக்கியில் இருப்பது போல, தோளில் மாட்டும் ஒரு வாரும் (பட்டையும்) போல்ட் என்னும் பாகம் போன்ற ஒரு துண்டும் பொருத்தியிருப்பார்கள். கட்டைப் பக்கம் கனம், முனைப் பக்கம் லேசு. இந்தச் சமமின்மைதான் ஆட்டத்துக்கே உயிர். காற்றில் அது எத்தனை முறை சுழன்று வருகிறது என்பதை வைத்து டபுள், டிரிபிள், குவாட், ஃபைவ், சிக்ஸ் என்று எண்ணுவார்கள். சிக்ஸ் என்றால் தலைக்கு வெகு உயரே போய் ஆறு சுற்றுச் சுற்றி இறங்கும். அதற்குள் கீழே இருப்பவள் ஒரு சுழல் சுழன்று, சரியான தாளத்தில், கனம் உள்ளங்கையில் அறையும்படி பிடிக்க வேண்டும். பத்துப் பேர் ஒரே நொடியில் பிடித்தால் பத்து வார்களும் ஒன்றாக 'டப்' என்று ஒலிக்கும். ஒருத்தி பிந்தினால் அரங்கம் முழுக்கக் கேட்கும். அந்த ஒரு ஒலிக்காக அவர்கள் எத்தனை மாலைகள் கை வீங்கப் பயிற்சி செய்கிறார்கள் என்பது, பார்க்கிங் லாட்டில் காத்திருக்கும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் மகள் குதித்துக்கொண்டு வந்ததில் நியாயம் இருக்கிறது. பல குழுக்களில் ரைஃபிள் வரிசை என்பது கொடியில் தேறியவர்கள் போய்ச் சேருகிற இடம்.

அப்புறம், இந்த உருவம் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். படைகளில் கொடியைக் காக்க ஆயுதம் ஏந்தி உடன் நடந்தவர்கள்தான் கலர் கார்டு. முதல் உலகப் போருக்குப் பின் அமெரிக்கன் லீஜன் போன்ற முன்னாள் படைவீரர் அமைப்புகள் ஊர் ஊராக முரசும் பியூகிள் என்னும் ஊதுகொம்பும் கொண்ட குழுக்களை நடத்தின, போட்டிகள் வைத்தன. தேசியக் கொடிக்குக் காவலாகத் துப்பாக்கியும் வாளும் அந்த அணிவகுப்பில் நின்றது இயல்பு. 1972-இல் குழுக்களின் இயக்குநர்கள் தாங்களே சேர்ந்து டிரம் கார்ப்ஸ் இன்டர்நேஷனல் என்ற போட்டி அமைப்பைத் தொடங்கினார்கள். 1977-இல் உள்ளரங்கப் போட்டிகளுக்காக வின்டர் கார்டு இன்டர்நேஷனல் என்ற அமைப்பு வந்தது. அதன் பிறகு கலர் கார்டு மெல்ல மெல்ல நடனமாக, நாடகமாக ஆகிவிட்டது. ஷூ மாறியது, உடை மாறியது, இசை மாறியது. இன்றைய ஷோவில் அவர்கள் எந்தக் கொடிக்கும் காவல் நிற்பதில்லை. காவல் போய்விட்டது, காவலுக்கு வந்த துப்பாக்கி மட்டும் தங்கிவிட்டது.

இதை வைத்திருக்க வேண்டும் என்பவர்களின் வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் களத்தில் வளர்ந்தவர்களுக்கு அது துப்பாக்கியாகவே தெரிவதில்லை, கையின் நீட்சியாகத்தான் தெரிகிறது. நம் ஊரிலிருந்தே ஒரு கேள்வி வரலாம்: சிலம்பமும் சண்டைக்கு வந்த கம்புதானே, பெண் பிள்ளை அதைச் சுழற்றினால் பெருமைப்படுகிறோமே? நியாயமான கேள்வி. ஆனால் சிலம்பக் கம்பை எடுத்துக்கொண்டு யாரும் வகுப்பறைக்குள் நுழைந்து குழந்தைகளைக் கொல்வதில்லை. அதனால்தான் கலர் கார்டின் வாளை, அதாவது சேபரை, நிறுத்தச் சொல்லி நான் எழுதமாட்டேன். ரைஃபிளின் நிலைமை வேறு. 2022 மே 24 அன்று உங்கள் மாநிலத்திலேயே, யுவால்டியில், 19 குழந்தைகளையும் இரண்டு ஆசிரியர்களையும் ரைஃபிளால் கொன்றான் ஒருவன். 2018 பிப்ரவரி 14 அன்று ஃபுளோரிடாவின் பார்க்லாண்டில் 17 பேர் இறந்தார்கள். அவர்களில் 14 வயதுச் சிறுமி ஒருத்தி அந்தப் பள்ளியின் கலர் கார்டில் இருந்தவள். அதற்கு மேல் எனக்கு வாதம் தேவைப்படவில்லை. வெள்ளிக்கிழமை ஃபுட்பால் ஆட்டத்தின் இடைவேளையில் ஸ்டேண்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள், துப்பாக்கியோடு ஒருவன் வந்தால் விளக்கை அணைத்துவிட்டு மேசைக்கு அடியில் ஒளியும் ஒத்திகையைச் சின்ன வகுப்பிலிருந்தே செய்து வளர்ந்தவர்கள். களத்தில் ஆடுபவருக்கு அது வெறும் மரம் என்றாலும், அவர்களும் அதை வெறும் மரமாகவே பார்க்க வேண்டும் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

சரி, உருவம் போனால் வித்தை நிற்குமா? நிற்கும், ஆனால் சும்மா நிற்காது. 'ஏர்பிளேட்' என்று வளைந்த கத்தி அலகு மாதிரி ஒன்று ஏற்கெனவே விற்பனையில் இருக்கிறது. பல குழுக்கள் ஷோவின் கதைக்கு ஏற்ப, துப்பாக்கிச் சாயல் இல்லாத பொருட்களைத் தாங்களே செய்து சுழற்றுகின்றன. வின்டர் கார்டு நடுவர்கள் உபகரணம், அசைவு, வடிவமைப்பு, ஒட்டுமொத்தத் தாக்கம் என்றுதான் மதிப்பெண் இடுகிறார்கள். இதில் துப்பாக்கி வடிவத்துக்கென்று தனி மதிப்பெண் தாள் இல்லை. இழப்பு எங்கே என்றால், எடை பங்கிடப்பட்டிருக்கும் விதத்தில்தான். கனம் ஒரு பக்கம் சாய்ந்த மரத்துக்குப் பழகிய கை புதுப் பொருளில் திணறும். வாரின் அந்த ஒலியும் எல்லாவற்றிலும் கிடைக்காது. எனவே கனமும் சமநிலையும் ரைஃபிளை ஒட்டியதாக, வாரும் உள்ளதாக, வடிவம் மட்டும் வேறாக ஒரு பொருளைத் தேடச் சொல்லுங்கள். கோடைப் பயிற்சி முகாமுக்கு முன்பே அது பிள்ளைகள் கைக்கு வந்துவிட வேண்டும். ஒரு கெட்ட செய்தி வந்த மறுநாள், சீசன் நடுவில், நிர்வாகம் திடீரென்று பிடுங்கிக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் மோசம். குற்றம் செய்தவர்கள் போலப் பிள்ளைகள் கூனிக் குறுகிப்போவார்கள்.

டைரக்டருக்கு இதையே எழுதுங்கள். கூடவே, முடிவெடுக்கும் முன் கலர் கார்டு மாணவிகளை உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள். பெற்றோர் கருத்தைக் கேட்டுவிட்டு ஆடுபவர்களைக் கேட்காமல் விடுவது சரியல்ல. ஒருவேளை ரைஃபிளே தொடரும் என்று முடிவானால், அதைத் தோளில் வைத்துக் குறிபார்ப்பது, பார்வையாளர் பக்கம் நீட்டுவது போன்ற அசைவு ஒன்றுகூட ஷோவில் வரக்கூடாது என்று வலியுறுத்துங்கள். நிஜத் துப்பாக்கி போலத் தெரியும்படி கறுப்பும் பழுப்பும் பூசவே கூடாது.

கடிதத்தை அனுப்புவதற்கு முன் மகளிடம் காட்டுங்கள். அவளுக்குத் தெரியாமல் அனுப்பி, பிறகு பேண்ட் ஹாலில் இன்னொருத்தி சொல்லி அவள் தெரிந்துகொண்டால், அந்தக் கோபம் ரைஃபிள் பற்றியதாக இருக்காது. "உன் சிக்ஸ் எனக்கு வேண்டும், அந்த உருவம்தான் வேண்டாம்" என்று நேராகச் சொல்லுங்கள். அவள் மறுத்துப் பேசினால் அதையும் கடிதத்தில் ஒரு பத்தியாகச் சேருங்கள். மாமியாருக்கு போட்டோ போதாது, வீடியோ அனுப்புங்கள்.

கடைசியாக, இந்த சீசன் முடியும்வரை ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். 2014-இல் கிளீவ்லாந்தில் பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த 12 வயதுச் சிறுவனைப் போலீஸ் வந்த சில நொடிகளில் சுட்டுக் கொன்றது. 2009-இல் கொலராடோவில், சுட முடியாத பயிற்சி ரைஃபிள்களைக் காரில் வைத்திருந்ததற்காக ஒரு மாணவி பள்ளியை விட்டே நீக்கப்படும் நிலைக்கு வந்தாள். அதனால் ரைஃபிள் எப்போதும் மூடிய பைக்குள் இருக்கட்டும். காரின் பின்சீட்டில் வெளியே தெரியும்படி கிடக்க வேண்டாம். பூங்காவிலோ தெருவிலோ தனியாகப் பயிற்சி வேண்டாம். வீட்டுப் பின்புறத்தில் என்றால் அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பள்ளியில் எங்கே வைக்கலாம், யார் பொறுப்பு என்பதை டைரக்டரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.