சி பிளஸ் பிளஸ் ஆப்ஜெக்ட்ட லுவா ஸ்கிரிப்டுக்கு குடுத்தா டிபக்கர்ல வெறும் "யூசர்டேட்டா" எண்டுதான் காட்டுது, சில நேரம் கிராஷும் ஆகுது, ஒருக்கா "பேட் ஆர்கியுமெண்ட்", "காட் நோ வேல்யூ" எண்டும் ஒரு மெசேஜ் வந்திச்சி, எப்படிப் பிடிக்கிற?

தம்பி, புதுசா வாசிக்கிற ஆக்களுக்கு முதல்ல ஒரு வரி: லுவா எண்டது பெரிய ப்ரோக்ராமுக்குள்ள வச்சி ஓட்டுற சின்ன ஸ்கிரிப்ட் மொழி, யூசர்டேட்டா எண்டது சி பிளஸ் பிளஸ் பக்கத்துச் சாமான லுவா வச்சிக்கொள்ளுற பொதி. நீங்க ரெண்டு கேள்விய ஒண்டா சேர்த்துக் கேட்டிரிக்கீங்க. ஆப்ஜெக்ட்டுக்குள்ள என்ன இரிக்கெண்டு தெரியல எண்டது ஒண்டு, சில நேரம் மட்டும் விழுது எண்டது மற்றது. அந்த மெசேஜுக்குக் கடைசில வாறன். முதலாவது லேசு. ரெண்டாவதுக்கு டிபக்கர நம்பிக் குந்தியிரிந்தா பொழுதுதான் போகும், ஏனெண்டா அந்த ஆப்ஜெக்ட் ஆருக்குச் சொந்தம், ஆர் அழிக்கிற எண்டது உங்கட கோட்லயே தெளிவா இல்லாட்டி டிபக்கர் என்னத்தக் காட்டுற?

எனக்கு இது வேலையில வந்த விசயம். இலங்கைல கிழக்குப் பக்கம் சம்மாந்துறை நெல் ஆலைகள்ல லொறியோட ஏத்தி நிறுக்கிற தராசு இரிக்கெல்லா, அப்படி ஒண்டுக்கு ஓடுற ப்ரோக்ராம் சி பிளஸ் பிளஸ்ல, ஈரத்துக்கு எவ்வளவு கழிக்கிற எண்ட கணக்கு மட்டும் லுவா ஸ்கிரிப்ட்ல. அரசாங்கத்துட நெல் சந்தைப்படுத்தும் சபை எண்டா 14 வீத ஈரப்பதம் எண்டு ஒரு கணக்கு, தனியார் ஆலைக்காரர் தங்கட தங்கட கணக்குல கழிப்பாங்க, போகத்துக்குப் போகம் மாத்துவாங்க, அதுக்கெல்லாம் ப்ரோக்ராமத் திருப்பித் திருப்பி கம்பைல் பண்ண ஏலாது, அதான் ஸ்கிரிப்ட். ஒரு லொறிக்கு ஒரு டிக்கட் ஆப்ஜெக்ட், அது சி பிளஸ் பிளஸ் பக்கம் பிறக்கும், லுவா அதுக்கிட்ட எடை, ஈரம் எல்லாம் கேக்கும்.

முதல் கேள்விய முடிச்சிருவம். மெட்டாடேபிள்ல, அதாவது ஒரு வேல்யூ எப்படி நடக்கணும் எண்டு லுவாவுக்குச் சொல்ற டேபிள்ல, டூஸ்ட்ரிங் எண்ட மெட்டாமெதட்ட (ஆப்ஜெக்ட்ட எழுத்தாக் காட்டுற ஃபங்ஷன) நீங்களே எழுதிப் போடுங்க, டிக்கட் நம்பர், எடை, ஆப்ஜெக்ட் உயிரோட இரிக்கா இல்லையா, இவ்வளவும் ஒரே வரியில வரட்டும். நிறைய டிபக்கர் யூசர்டேட்டாவக் காட்டக்குள்ள அந்த வரியத்தான் காட்டும், பிரிண்ட் போட்டாலும் அதுதான் வரும். லுவா 5.3ல இருந்து ஆக்ஸிலரி லைப்ரரியில உள்ள நியூமெட்டாடேபிள் ஃபங்ஷனால மெட்டாடேபிள் செஞ்சா டைப் பேர் தானாவே பதிஞ்சிரும், பொறகு எரர் மெசேஜ்லயும் "யூசர்டேட்டா"க்குப் பதிலா உங்கட டைப் பேர் வரும். லைட் யூசர்டேட்டா எண்டு வெறும் பாயிண்டர, அதாவது மெமரி விலாசத்த மட்டும், தூக்கிக் குடுக்கிற பழக்கம் இரிந்தா இண்டைக்கே விடுங்க, எல்லா லைட் யூசர்டேட்டாவுக்கும் சேர்த்து ஒரே மெட்டாடேபிள்தான், டைப் செக் பண்ண வழியே இல்ல, டிக்கட் கேட்ட இடத்துல தராசு ஆப்ஜெக்ட்டக் குடுத்தாலும் வாங்கிக்கொண்டு போயிரும்.

இப்ப கிராஷ். அந்த ஆலையில முதல்ல கிராஷ் எண்டு ஒண்டும் வரல, அதவிட மோசமா ஒண்டு வந்திச்சி. மாரி வெள்ளாம வெட்டி லொறியும் ட்ரக்டரும் வரிசையா நிக்கிற நேரத்துல, ஒரு லொறிட கழிவுக் கணக்குல இன்னொரு லொறிட எடை வந்து நிக்கிது. பில் எழுதுற பொடியன் கண்டபடியால தப்பிச்சிது, இல்லாட்டி ஆருட நெல்லுக்கு ஆருட காசோ. எங்களுக்கு முன்னால அந்த ப்ரோக்ராம எழுதின ஆக்கள் யூசர்டேட்டாக்குள்ள வெறும் பாயிண்டர் வச்சிருந்தாங்க. லொறி போனதும் சி பிளஸ் பிளஸ் பக்கம் டிக்கட்ட டிலீட் பண்ணிரும், ஆனா ஸ்கிரிப்ட் "கடைசி டிக்கட்" எண்டு ஒரு குளோபல்ல அதப் புடிச்சிக்கொண்டு இரிக்கி. டிலீட் பண்ணின மெமரி அந்த நிமிசமே அழிஞ்சி போறல்ல. அடுத்து அதே சைஸ்ல ஒரு டிக்கட் கேட்டா அலொகேட்டர் (மெமரிய பங்கிட்டுக் குடுக்கிற பகுதி) பெரும்பாலும் அந்தப் பழைய இடத்தயே தூக்கிக் குடுக்கும். ஆள் வீடு மாறிப் போனது தெரியாம பழைய விலாசத்துக்கு கடிதம் போட, இப்ப குடியிரிக்கிற ஆள் உடைச்சி வாசிச்சிப் பதிலும் எழுதுற மாதிரி. டிபக்கர்ல பாத்தா அட்ரஸ் சரி, டைப் சரி, எடையும் நியாயமான எடை. எல்லாம் சரி, லொறிதான் வேற.

இதுக்கு மருந்து, யூசர்டேட்டாக்குள்ள வெறும் பாயிண்டர் வைக்காம வீக் பாயிண்டர் வைங்க, அது ஆப்ஜெக்ட்டச் சொந்தம் கொண்டாடாது, ஆனா அது இன்னும் இரிக்கா எண்டு சொல்லும், ஒவ்வொரு மெதட்லயும் முதல் வேலையா லாக் பண்ணி, அதாவது ஆப்ஜெக்ட் இரிக்கா எண்டு கேட்டுப் பாருங்க, போயிட்டெண்டா "இந்த டிக்கட் முடிஞ்சி போச்சி" எண்டு லுவா எரரா எறியுங்க. ஷேர்ட் பாயிண்டர் (பல பேர் சேர்ந்து சொந்தம் வைக்கிற பாயிண்டர், வீக் பாயிண்டருக்கு அதுதான் அடிப்படை) புழங்காத கோட் எண்டா ஆப்ஜெக்ட்டுக்கு ஒரு இலக்கமும் அந்த இடம் எத்தினாந் தரம் பாவிக்கப்படுது எண்ட எண்ணும் சேர்த்து வச்சி ரெண்டையும் ஒப்பிடுங்க. கிராஷ் ஆகிற பக் அதோட, எந்த வரி எண்டு சொல்ற சாதாரண எரரா மாறிரும்.

எதிர்ப்பக்கமும் இரிக்கி. லுவாதான் சொந்தக்காரன், ஜிசி மெட்டாமெதட்ல (கார்பேஜ் கலெக்டர், அதாவது தேவையில்லாத மெமரிய கூட்டி அள்ளுற பகுதி, ஆப்ஜெக்ட்ட அள்ளக்குள்ள கூப்பிடுற ஃபங்ஷன்ல) டிலீட் பண்றீங்க, ஆனா சி பிளஸ் பிளஸ்ல ஏதோ ஒரு லிஸ்ட்ல அதே பாயிண்டர் கிடக்கு எண்டு வைங்க. இது உங்கட மெஷின்ல பெரும்பாலும் வராது, ஏனெண்டா சின்ன டெஸ்ட் ஓடக்குள்ள கார்பேஜ் கலெக்டருக்குப் பெரிசா வேலை வாறல்ல. இன்னொண்டு, கலெக்டருக்குத் தெரியிறது அந்த யூசர்டேட்டாட சின்ன சைஸ் மட்டும்தான், அதுக்குள்ள உள்ள பாயிண்டர் 64 பிட் மெஷின்ல 8 பைட், அந்தப் பாயிண்டருக்கு அங்கால லொறி நம்பர் பிளேட் போட்டோ எண்டு மெகாபைட் கணக்குல கிடந்தாலும் அது கணக்கெடுக்காது, ஆறுதலா எப்பவோ ஒருக்கா வந்து கூட்டும். அது எப்ப கூட்டுது எண்டத நீங்க ஊகிக்கத் தேவையில்ல, டிபக் பில்ட்ல லுவா கூப்பிடுற ஒவ்வொரு சி பிளஸ் பிளஸ் ஃபங்ஷன் முடியக்குள்ளயும் முழுக் கலெக்‌ஷன ஓட விடுங்க. ஆமை மாதிரி ஓடும், ஆனா எப்பவோ ஒருக்கா வந்த பக் ஒரே இடத்துல ஒவ்வொரு தரமும் வரும்.

அதோட அட்ரஸ் சானிடைசர் எண்ட மெமரிப் பிழை பிடிக்கிற கருவியப் போட்டு கம்பைல் பண்ணுங்க, ஜிசிசி, கிளாங் எண்ட ரெண்டு கம்பைலர்லயும் ஒரு ஃபிளாக் வேலைதான். விட்ட மெமரிய அது கொஞ்ச நேரத்துக்கு வேற ஆளுக்குக் குடுக்காம தடுத்து வைக்கும், அதால அந்த லொறி மாறுற கதையும் அம்பிடும், தொட்ட இடம், விட்ட இடம், முதல்ல எடுத்த இடம் மூண்டையும் காட்டும். குறை என்னெண்டா அது காட்டுறது சி ஸ்டாக் (சி பக்கம் எந்த ஃபங்ஷன் எதக் கூப்பிட்டது எண்ட வரிசை), லுவா இண்டர்பிரிட்டர்ட உள்வேலை வரிசையாத் தெரியும், உங்கட ஸ்கிரிப்ட்ல எத்தினாம் வரி எண்டு தெரியா. அதுக்கு ஜிடிபி எண்ட டிபக்கர்ல நிப்பாட்டி, லுவா ஸ்டேட்ட (ஓடுற லுவாட முழு நிலையும் உள்ள பொருள) குடுத்து ஆக்ஸிலரி லைப்ரரிட ட்ரேஸ்பேக் ஃபங்ஷன அங்கயிருந்தே கூப்பிடுங்க, லுவா ஸ்டாக்ட மேல விழுற ஸ்ட்ரிங்க பிரிண்ட் பண்ணுங்க. ஸ்டேட் பழுதாகாம இரிந்தா ஸ்கிரிப்ட் ஃபைல், வரி ரெண்டும் கைக்கு வந்திரும். இந்த ஒண்டு தெரியாமத்தான் அரைவாசிப் பேர் ஸ்கிரிப்ட் முழுக்க பிரிண்ட் போட்டுத் திரியிறாங்க.

குயூட்டி எண்ட சி பிளஸ் பிளஸ் லைப்ரரில, ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டுற கியூஜேஎஸ் எஞ்சின் புழங்குற ஆக்களும் இதே குழிக்குள்ளதான் விழுறாங்க. பேரண்ட் இல்லாத ஆப்ஜெக்ட்ட நியூகியூஆப்ஜெக்ட் எண்ட ஃபங்ஷனால எஞ்சினுக்குள்ள விட்டா, ஓனர்ஷிப்ப நீங்க சொல்லாட்டி அது ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் போயிரும், அங்க கலெக்ட் ஆனா ஆப்ஜெக்ட்டும் அழிஞ்சிரும்.

கிராஷ் இல்லாம சும்மா தொங்கி நிண்டா வேற சாமான். லுவாவ சி கம்பைலரால கட்டியிருந்தா அதுட எரர் லாங்ஜம்ப்ல (நடுவுல உள்ள ஃபங்ஷன்களத் தாண்டிக் குதிக்கிற சி வழியில) பாயும், நடுவுல உள்ள உங்கட டிஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்ட் முடியக்குள்ள துப்பரவாக்குற ஃபங்ஷன்) ஒண்டும் ஓடாது, மியூடெக்ஸ் (ஒரு நேரத்துல ஒரு ஆளத்தான் உள்ள விடுற பூட்டு) பூட்டினபடியே கிடக்கும், அடுத்த ஆள் வந்து காத்துக்கொண்டு நிப்பான். லுவாவ சி பிளஸ் பிளஸ்ஸா கம்பைல் பண்ணினா எக்ஸெப்ஷன் புழங்கும், அந்தத் தலையிடி போயிரும். உங்கட பக்கத்து எக்ஸெப்ஷன, லுவா கூப்பிடுற உங்கட ராப்பர் ஃபங்ஷனுக்குள்ளயே புடிச்சி லுவா எரரா மாத்துங்க, லுவாட ஃபிரேமத் தாண்டிப் போக விடாதீங்க.

நீங்க போட்டிருந்த மெசேஜ்ல "பேட் ஆர்கியுமெண்ட்", "காட் நோ வேல்யூ" எண்டு இரிக்கிற அந்த ஒண்டு மட்டும் இதுகள்ல ஒண்டும் இல்ல. மெதட்டக் கூப்பிடக்குள்ள கோலன் போட வேண்டிய இடத்துல புள்ளி போட்டிரிக்கீங்க, அதால ஆப்ஜெக்ட் உள்ளுக்குப் போகல.