விட்டுப்போன ஓர் அளவு

கேள்வி: மூன்று மாதமாக நீச்சல் கற்றுக்கொள்கிறேன். என் உயரம் 172 செ.மீ. மார்பு 90, இடுப்பு 76, ஹிப் 87 என்று அளந்து, ‘எம்’ அளவில் ஒரே துண்டாக வரும் நீச்சலுடை வாங்கினேன். தோளில் ஸ்ட்ராப் அறுக்கிறது, கழுத்து கீழே இறங்குகிறது, கவட்டில் இழுக்கிறது. அடுத்து ‘எல்’ வாங்கினேன். தோள் வலி குறைந்தது. ஆனால் மார்புப் பக்கம் தண்ணீர் புகுந்து பை போலத் தொங்குகிறது. அளவு அட்டவணையில் எம்: மார்பு 88–92, டார்சோ 152–156; எல்: மார்பு 93–97, டார்சோ 156–160; எக்ஸ்எல்: மார்பு 98–102, டார்சோ 160–164 என்று இருக்கிறது. டார்சோ என்றால் என்னவென்று புரியாததால் அதை விட்டுவிட்டேன். என் உடம்புக்கு நீச்சலுடையே சரிவராதோ என்று வெறுத்துப்போயிருக்கிறேன். சரியாக அளவெடுப்பது எப்படி? என் பத்து வயது மகளுக்கும் வாங்க வேண்டும். வளர்கிற பிள்ளை என்பதால் ஓர் அளவு பெரிதாக எடுக்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. புரியவில்லை என்று விட்டுவிட்டீர்களே, அந்த டார்சோ அளவுதான் ஒரே துண்டு நீச்சலுடையைத் தீர்மானிக்கும் அளவு. சட்டை, கால்சட்டை எதற்கும் இந்த அளவு தேவைப்படாது. அதனால் பல வருடம் துணி தைத்துப் போட்டவர்களுக்குக்கூட இது தெரிந்திருக்காது.

தோளில் ஸ்ட்ராப் உட்காரும் இடத்தில் தொடங்கி, மார்பின் எடுப்பான இடத்தின் மேலாக வந்து, வயிற்றில் இறங்கி, கவட்டு வழியாகப் பின்னே போய், முதுகில் ஏறி, தொடங்கிய இடத்திலேயே வந்து சேரும் முழுச்சுற்றுதான் டார்சோ. நீச்சலுடையும் இதே வளையமாகத்தான் உடம்பில் மாட்டிக்கொண்டிருக்கிறது. வளையம் சில செ.மீ. குறைந்தாலே துணி அந்தக் குறையை எங்கிருந்தாவது பறிக்கப் பார்க்கும். மேலே தோளை அழுத்தும், கீழே கவட்டை இழுக்கும், கழுத்து விளிம்பைக் கீழே கொண்டுவரும். நீங்கள் எழுதிய மூன்று தொல்லையும் தனித்தனிக் குறைகள் அல்ல. ஒரே குறையின் மூன்று முகங்கள்.

இனி அளவெடுப்போம். மெல்லிய உள்ளாடை மட்டும் அணிந்து, கண்ணாடி முன்னால் நிமிர்ந்து நில்லுங்கள். பஞ்சு வைத்த பிரா வேண்டாம், அது மார்பளவைக் கூட்டிக் காட்டும். வயிறு முட்டச் சாப்பிட்ட உடனேயும், மாதவிடாய்க்கு முந்தி உடம்பு உப்பியிருக்கும் நாட்களிலும் அளக்காதீர்கள். துணி டேப் பழசானால் நீண்டுவிடும். ஓர் எஃகு அளவுகோலின் பக்கத்தில் வைத்து 30 செ.மீ. சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை ஒத்துப் பாருங்கள்.

டார்சோ அளக்கும்போது முதலில் வரும் சிக்கல் டேப்பின் நீளம். தையல் டேப் பெரும்பாலும் 150 செ.மீ.தான்; உங்கள் உயரத்துக்கு அது சுற்றி வராது. அதனால் இழுத்தால் நீளாத ஒரு நாடாவையோ சணல் கயிற்றையோ எடுத்துக்கொள்ளுங்கள். எலாஸ்டிக் கலந்தது வேண்டாம். கழுத்து தொடங்கும் இடத்துக்கும் தோள் முனைக்கும் நடுவில் ஒரு முனையைப் பிடித்து, மேலே சொன்ன வழியில் சுற்றிக் கொண்டுவந்து, இரு முனையும் சந்திக்கும் இடத்தில் பேனாவால் குறியிடுங்கள். பிறகு தரையில் நீட்டி அளந்துகொள்ளலாம். கயிறு உடம்பைத் தொட்டுக்கொண்டு போக வேண்டும். சதையில் பதியவும் கூடாது, கவட்டில் தொங்கவும் கூடாது.

இந்த அளவில் தவறு நேர்வது பெரும்பாலும் குனிவதால். கயிறு எங்கே போகிறது என்று பார்க்கத் தலையைக் குனிந்தால் முன்பக்கம் சுருங்கும், முதுகு நீளும், அளவு மாறிப்போகும். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள். வீட்டில் உங்களுக்குக் கூச்சமில்லாத ஒருவர் இருந்தால் அவரைக் குறியிடச் சொல்வது இன்னும் நல்லது. மூன்று முறை எடுங்கள். மூன்றும் 2 செ.மீ.க்குள் இருந்தால் நடுவில் வருவதை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஏதோ ஒரு தடவை கயிற்றை இழுத்துப் பிடித்திருக்கிறீர்கள், மறுபடி எடுங்கள். மற்றத் தோளிலிருந்தும் ஒரு தடவை. இரண்டு தோளும் ஒரே உயரத்தில் இல்லாதவர்கள் நிறையப் பேர் உண்டு. பெரிய அளவையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது நீங்கள் எழுதியிருக்கும் ‘ஹிப் 87’. இதில் எனக்கு ஒரு சந்தேகம். நாம் இடுப்பு என்று சொல்வது, பக்கவாட்டில் உடம்பு உள்வாங்கியிருக்கும் இடத்தையும் குறிக்கும், அதற்குக் கீழே எலும்பு தட்டுப்படும் இடத்தையும் குறிக்கும். அட்டவணையில் ஹிப் என்பது இந்த இரண்டுமே இல்லை. பாதங்களைச் சேர்த்துவைத்து நின்றால் பிட்டம் மிகப் பருத்திருக்கும் இடத்தின் சுற்றளவுதான் ஹிப். எலும்பு மேல் டேப்பை வைத்து அளந்துவிட்டு, உடை பின்பக்கம் மூடவில்லையே என்று வருந்துகிறவர்கள் பலர். கண்ணாடியில் பக்கவாட்டாகத் திரும்பி நின்று, டேப்பைக் கொஞ்சம் மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். எங்கே எண் அதிகமாக வருகிறதோ அதுதான் சரியான இடம்.

மார்பும் இடையும் சுலபம். மார்புக்கு, எடுப்பான இடத்தில் சுற்றி, கைகளைத் தொங்கவிட்டு, சாதாரணமாக மூச்சு விட்டபடி அளக்க வேண்டும். முதுகுப் பக்கம் டேப் சரிந்துவிடாமல் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். இடைக்கு, பக்கவாட்டில் சாய்ந்தால் மடிப்பு விழும் இடம். வயிற்றை உள்ளிழுத்து அளந்தால் அந்த எண் உங்களுக்கு உதவாது. கப் வைத்த நீச்சலுடை வாங்குவதானால் மார்புக்குக் கீழ்ச் சுற்றளவும் வேண்டும். அது ஒன்றை மட்டும் மூச்சை வெளியே விட்டு, டேப்பைக் கொஞ்சம் இறுக்கியே எடுக்க வேண்டும், ஏனென்றால் மார்பைத் தாங்குவது அந்தப் பட்டைதான். முழங்கால் வரை வரும் உடை வேண்டுமென்றால், இரண்டு காலிலும் சமமாக எடை வைத்து நின்று, தொடையின் பருத்த இடத்தையும் அளந்து கொள்ளுங்கள். தொடை இறுக்கமாக இருந்தால் அந்தக் கால் பகுதி நடக்க நடக்கச் சுருண்டு மேலேறும்.

இப்போது உங்கள் அட்டவணைக்கு வருவோம். எம்மிலிருந்து எல்லுக்குப் போனால் டார்சோ 4 செ.மீ. கூடுகிறது, மார்பு 5 செ.மீ. கூடுகிறது. உங்கள் டார்சோ 163 வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். நீளத்துக்காக எக்ஸ்எல் வரை போனால் மார்பில் ஏறக்குறைய 10 செ.மீ. அதிகம். தோளைக் காப்பாற்றப் போய் மார்பில் தண்ணீர் பிடித்த கதை இதுதான். நீளக் குறையை அகலம் கூட்டித் தீர்க்க முடியாது. உயரமானவர்களுக்கு எல்லாம் இப்படித்தான் என்றும் சொல்ல மாட்டேன். உயரம் கால்களில் இருந்தால் டார்சோ சாதாரணமாகவே இருக்கும். குள்ளமானவர்களிலும் உடல்பகுதி நீண்டவர்கள் உண்டு. அதனால்தான் உயரத்தை வைத்து ஊகிக்காமல் அளக்கச் சொல்கிறேன்.

அளந்த பிறகு டார்சோ 156க்குள் வந்தால் எம்மின் வெட்டு முறைதான் உங்களுக்கு ஒத்துவரவில்லை, வேறு வடிவத்தில் எம் பாருங்கள். 158, 159 என்று வந்தால், ஸ்ட்ராப்பை நீட்டிக் குறைக்கும் வசதியுள்ள எம் போதும். 160ஐத் தாண்டினால் ‘லாங் டார்சோ’ என்று தனியாக விற்கும் உடைகளைத் தேடுங்கள். மார்பளவும் ஹிப்பும் எம்மிலேயே இருக்க, நீளம் மட்டும் கூடியிருக்கும். அது கிடைக்காவிட்டால் மேல் கீழ் தனித்தனியான இரண்டு துண்டு உடை. வயிற்றை மூடும் நீளத்தில் மேல்துண்டு வருகிறது, கூச்சப்படத் தேவையில்லை. வளையமே இல்லாததால் டார்சோ பிரச்சினை அங்கே எழாது. ஹிப் ஓர் அளவு பெரியதாக இருப்பவர்களுக்கும் இதுவே நல்ல வழி. மேலே எம், கீழே எல் என்று வாங்கலாம். முதுகில் குறுக்காகப் போகும், நீட்ட முடியாத ஸ்ட்ராப் உள்ள போட்டி உடையை மட்டும் நீண்ட உடல்வாகு உள்ளவர்கள் அளவு பார்க்காமல் வாங்கிவிடாதீர்கள். அது துளியும் விட்டுக்கொடுக்காது.

துணியையும் பார்க்க வேண்டும். நைலானில் ஸ்பான்டெக்ஸ் என்ற இழுபடும் இழை கலந்த துணி மெத்தென்று நன்றாக இழுபடும். அது தண்ணீரில் நனைந்தால் தளரும், தண்ணீரின் எடையும் சேர்ந்துகொள்ளும். ஆகவே உலர்ந்திருக்கும்போது ‘கொஞ்சம் இறுக்கம்’ என்று தோன்றுவதுதான் சரி. கடையிலேயே வசதியாக இருக்கும் உடை குளத்தில் தொளதொளக்கும். இரண்டு அளவுக்கு நடுவில் நிற்பவர்கள், டார்சோ இடம்கொடுத்தால், இந்தத் துணியில் சிறியதை எடுக்கலாம். பிபிடி என்ற இழை கலந்த பாலியஸ்டர் குளோரினை நன்றாகத் தாங்கும், ஆனால் அவ்வளவு இழுபடாது. அதில் பெரியதை எடுங்கள். நீங்கள் வாரத்தில் மூன்று நான்கு நாள் குளத்தில் இறங்குவதானால் என் ஓட்டு பாலியஸ்டருக்கே. ஸ்பான்டெக்ஸைக் குளோரின் அரித்துவிடும். பின்பக்கம் துணி மெலிந்து உடம்பு தெரிய ஆரம்பித்தாலோ, மெல்லிய வெள்ளை இழைகள் நீட்டிக்கொண்டு வந்தாலோ அந்த உடையின் காலம் முடிந்தது.

போட்டுப் பார்க்கும்போது சும்மா நின்று பார்த்தால் எல்லா உடையும் நன்றாகத்தான் தெரியும். உள்ளாடைக்கு மேல் அணிந்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே நீட்டுங்கள், கைவீச்சு பத்துத் தடவை செய்யுங்கள், குந்தி எழுங்கள், முன்னால் குனியுங்கள். ஸ்ட்ராப்புக்கு அடியில் இரண்டு விரல் நுழைந்து 2, 3 செ.மீ. தூக்க வர வேண்டும். குனியும்போது கழுத்து விளிம்பில் உள்ளங்கை போகிற அளவு இடைவெளி விழுந்தால் அங்கே தண்ணீர் புகும் என்று அர்த்தம். கால் வளைவு எலாஸ்டிக் சதையைப் பிதுக்கக் கூடாது. அதே நேரம் குந்தி எழுந்த பிறகு அது பின்பக்கம் ஏறியும் போகக் கூடாது.

மடிப்புகளையும் கவனியுங்கள். இடுப்பிலோ முதுகின் கீழ்ப்பகுதியிலோ துணி குறுக்குவாட்டில் தொய்ந்து மடிந்தால் டார்சோ அதிகம். நெடுக்காகத் தொய்ந்தால் அகலம் அதிகம். கவட்டிலிருந்து ஹிப்பை நோக்கிச் சாய்வாகக் கோடுகள் விறைத்து நின்றால் ஹிப் போதவில்லை. உங்களிடம் இருக்கும் ‘எல்’ உடையை அணிந்து நின்று பாருங்கள். மார்புப் பக்கம் அந்த நெடுக்கு மடிப்பு கண்ணில் படும்.

மகளுக்குப் பெரிதாக எடுக்க வேண்டாம். தொளதொளத்த உடை தண்ணீரை வாரிக்கொண்டு பின்னால் இழுக்கும், ஸ்ட்ராப் தோளிலிருந்து நழுவும், பிள்ளை நீந்துவதை விட்டுவிட்டு உடையைப் பிடித்துக்கொண்டிருப்பாள். அவளுக்கும் டார்சோதான் முக்கியம், வளரும் வயதில் அகலத்தைவிட நீளம் சீக்கிரம் கூடும். அளவு அட்டவணையில் அவளுடைய டார்சோ ஓர் அளவின் கீழ்ப்பகுதியில் வரும்படி, ஸ்ட்ராப்பை நீட்டக்கூடிய உடையாக எடுங்கள். வளர்வதற்கு அதிலேயே இடம் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கயிற்றால் டார்சோவை மட்டும் அளந்து பாருங்கள். தோளில் ஸ்ட்ராப் தடம் சிவந்து, உடையைக் கழற்றிக் கால் மணி நேரம் ஆகியும் மறையாமல் இருந்தால், கயிறு வேண்டாம், அடுத்த அளவு வாங்கும் நேரம் வந்துவிட்டது.