மலையைக் கரைத்து எடுத்த தங்கம்: கேள்வி பதில்

ரோமானியர் காலத்துத் தங்கச் சுரங்கங்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். நான் தொல்லியல் அறிஞன் இல்லை. நிலவியல் படித்தவன், விடுப்பு கிடைத்தால் பழைய சுரங்கங்களைப் பற்றித் தேடிப் படிக்கிறவன், அவ்வளவுதான்.

பொன்வண்டு: ரோமானியர்களும் கோலார் மாதிரி ஆழமாகத் தோண்டித்தான் தங்கம் எடுத்தார்களா?

இல்லை. கோலாரில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனார்கள் என்றால், அங்கே மின்சாரமும் பம்பும் இருந்தன. ரோமானியர் பாறையைக் குடைந்தும் எடுத்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பெரிய அளவில் தங்கம் எடுத்த இடங்களில் முக்கியமானது தரைக்கு மேலே நிற்கும் ஒரு மலை. வடமேற்கு ஸ்பெயினில், லியோன் மாகாணத்தில் உள்ள லாஸ் மெதுலாஸ். பழைய ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய சிவப்பு மண்ணும் கூழாங்கல்லும் கலந்த பெரிய மேடு அது. ஒரு டன் மண்ணை அலசினால் ஒரு கிராம் தங்கம்கூடத் தேறாது. அப்படிப்பட்ட மண்ணைக் கடப்பாறை வைத்துத் தோண்டிக் கூடையில் சுமந்தால் கூலிக்குக் கட்டாது. அதனால் தண்ணீரை வேலைக்கு வைத்தார்கள்.

நெம்புகோல்: வெடிமருந்து இல்லாத காலத்தில் மலையை எப்படி இடித்தார்கள்?

நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். இதை எழுதிவைத்தவர் மூத்த பிளினி. கி.பி. 70-களில் ஸ்பெயினில் ரோம அரசின் நிதி அதிகாரியாக இருந்தவர், 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்துபோனவர். அவர் லாஸ் மெதுலாஸ் என்று பெயர் சொல்லவில்லை. ஆனால் அவர் சொல்லும் முறையும் அங்கே இன்று நிற்கும் மிச்சமும் நன்றாகவே பொருந்துகின்றன.

முதலில் மலைக்குள் நீளமாகச் சுரங்கப்பாதை குடைவார்கள். அகல் விளக்கு எரியும் நேரம்தான் வேலை நேரம், எண்ணெய் தீர்ந்தால் ஆள் மாற்று. மாதக்கணக்கில் பகல் வெளிச்சமே பார்க்காதவர்கள் உண்டு என்கிறார் பிளினி. வெட்டிய கல்லைத் தோளில் ஏற்றி, இருட்டிலேயே பக்கத்து ஆளிடம் கைமாற்றி விடுவார்கள். வரிசையில் கடைசி ஆள் மட்டும்தான் வெளிச்சம் பார்ப்பான். கடும்பாறை குறுக்கிட்டால் நெருப்பு மூட்டிக் காய்ச்சிப் புளிக்காடி ஊற்றி உடைப்பார்கள். புகை அடைத்து மூச்சு முட்டினால் அதை விட்டுவிட்டு 150 ராத்தல் இரும்புப் பொறியால் இடிப்பார்கள்.

குடைந்தபின் மேலே தாங்கி நிற்கும் தூண்களை உட்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக வெட்டிவிடுவார்கள். மலை உச்சியில் ஒருவன் காவல் நிற்பான். விரிசல் விடுவது அவன் கண்ணில் பட்டதும் குரல் கொடுத்துக் கீழே உள்ளவர்களை வெளியே வரச் சொல்லிவிட்டு அவனும் ஓடிவந்துவிடுவான். மலை சரிந்து விழும். இவ்வளவு செய்தும் அந்த மலையில் தங்கம் இருக்கிறதா என்பது அதுவரை யாருக்கும் தெரியாது, நம்பிக்கைதான் என்று பிளினி கொஞ்சம் கிண்டலாகவே எழுதுகிறார்.

சுரங்கத்துக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டு, காற்றழுத்தத்தில் மலையை வெடிக்க வைத்தார்கள் என்று பல காணொலிகளில் சொல்கிறார்கள். பிளினி அப்படிச் சொல்லவே இல்லை. அவர் கணக்கில் தண்ணீர் வருவது மலை விழுந்த பிறகு, இடிபாட்டை அடித்துக்கொண்டு போவதற்கு. நான் பிளினி பக்கம்.

தாமிரபரணி: அவ்வளவு தண்ணீர் மலைமேல் எங்கிருந்து வந்தது?

வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்தார்கள். தெலேனோ, கப்ரேரா மலைப்பக்கத்திலிருந்து மலைச்சரிவை ஒட்டியே வரும் வாய்க்கால்கள். மொத்தமாக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர், அவற்றில் சில தனியாகவே நூறு கிலோமீட்டருக்கு மேல். நம் ஊரில் கொத்தனார் தளத்துக்கு வாட்டம் பார்ப்பதுபோல, மலையைச் சுற்றிச் சுற்றி வாட்டம் பார்த்திருக்கிறார்கள். செங்குத்துப் பாறையில் கயிற்றில் தொங்கியபடி மட்டம் எடுத்துக் கோடு போடும் ஆட்கள் தூரத்திலிருந்து பார்த்தால் பறவைகள் போலத் தெரிவார்கள் என்கிறார் பிளினி. எனக்கு அவர் எழுத்தில் மிகப் பிடித்த இடம் இது.

வாய்க்கால் முடியும் இடத்தில், மலையின் நெற்றியில், குளம் வெட்டுவார்கள். 200 அடி நீளம், 200 அடி அகலம், 10 அடி ஆழம், மூன்றடிச் சதுரத்தில் ஐந்து மதகுகள். குளம் நிரம்பியதும் மதகைத் திறந்தால் பாறையையே உருட்டிக்கொண்டு தண்ணீர் பாயும்.

சுண்டெலி: அந்தச் சேற்றிலிருந்து தங்கத்தைப் பிரிப்பது எப்படி? பாதரசமா?

கோவை நகைப்பட்டறைத் தெருக்களில் சாக்கடை மண்ணை அரித்துத் தங்கத்தூள் எடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். தத்துவம் அதேதான். மண்ணைவிடத் தங்கம் பல மடங்கு கனம், அதனால் அடியில் தங்கும். சேற்றுத் தண்ணீரைப் படிப்படியாக இறங்கும் பள்ளங்களில் விட்டு, அடியில் முள்புதர் ஒன்றைப் பரப்பிவைப்பார்கள். தங்கத்துகள் முள்ளில் மாட்டிக்கொள்ளும். பிறகு புதரைக் காயவைத்து எரித்து, அந்தச் சாம்பலைப் புல் கரணைமேல் கழுவினால் தங்கம் நிற்கும். பாதரசத்தையும் அவர்கள் அறிந்திருந்தார்கள், தங்கத்தைச் சுத்தம் செய்யப் பயன்படுவதாகப் பிளினி சொல்கிறார். ஆனால் இந்த மலையிடிப்பு வேலையைச் சொல்லும் இடத்தில் முள்ளும் சாம்பலும்தான் வருகின்றன.

கணக்கப்பிள்ளை: மொத்தம் எவ்வளவு கிடைத்தது? சவரனில் சொல்லுங்கள்!

சரி. அஸ்தூரியா, கல்லைக்கியா, லூசித்தானியா என்ற ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்துப் பகுதிகள் மூன்றும் சேர்ந்து ஆண்டுக்கு 20,000 ராத்தல் தந்ததாகச் சிலர் சொல்கிறார்கள் என்று பிளினி எழுதுகிறார். ரோம ராத்தல் சுமார் 327 கிராம். ஆக ஆறரை டன், எட்டு லட்சம் சவரனுக்கு மேல். இது லாஸ் மெதுலாஸ் மட்டும் இல்லை, முழு வட்டாரக் கணக்கு. அதுவும் அவர் கேள்விப்பட்டது. இன்னொன்று: அகஸ்டஸ் காலத்து ஔரியஸ் தங்கக்காசு கிட்டத்தட்ட நம் ஒரு சவரன் எடைதான்.

மல்லிகா: வேலை செய்தவர்கள் எல்லாரும் அடிமைகள்தானே?

அப்படி ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது, அக்கா. லாஸ் மெதுலாஸில் பெரும்பாலும் உள்ளூர்க் குடியானவர்கள் ரோமுக்குக் கொடுக்கவேண்டிய வரியை உழைப்பாகச் செலுத்தினார்கள் என்பது அங்கே ஆய்வு செய்தவர்களின் முடிவு. கூலியாட்கள் இருந்ததற்கோ கையெழுத்தோடு சாட்சி இருக்கிறது.

ருமேனியாவில் ரோஷியா மொண்டானா என்றொரு ஊர், ரோமானியர் வைத்த பெயர் அல்புர்னுஸ் மையோர். ரோமப் பேரரசர் டிராஜன் கி.பி. 106-இல் அந்த ஊர் இருந்த டேசியா நாட்டைப் பிடித்ததும் சுரங்கத் தொழிலாளர்களை அங்கே குடியேற்றினார்கள். அந்தச் சுரங்கங்களில் 1786-க்கும் 1855-க்கும் இடையில் மெழுகு பூசிய மரப்பலகைகள் கிடைத்தன. கடன், விற்பனை, வேலை ஒப்பந்தம் எல்லாம் அதில் கீறி எழுதியிருக்கிறார்கள்.

அதில் ஒன்று கி.பி. 164 மே 20 தேதியிட்டது. மெம்மியுஸ் என்ற ஆள் அவுரேலியுஸ் அதியூத்தோர் என்பவரிடம் நவம்பர் 13 வரை தங்கச் சுரங்க வேலைக்குச் சேர்கிறான். கூலி 70 தெனாரியஸ் (ரோம வெள்ளிக்காசு), அதோடு சாப்பாடும் உண்டு. அவனுக்கு எழுதத் தெரியாது என்பதால் வேறொருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். சொல்லாமல் நின்றுவிட்டால் நாளுக்கு 5 செஸ்டர்ஸ் (அதைவிடச் சிறிய காசு) அபராதம். சுரங்கத்தில் தண்ணீர் புகுந்து வேலை கெட்டால் அந்த நாட்களுக்குக் கூலி பிடித்தம். முதலாளி மூன்று நாளுக்குமேல் சம்பளத்தை இழுத்தடித்தால் அவருக்கும் அதே அபராதம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தெனாரியஸ் நான்கு செஸ்டர்ஸ். 177 நாளுக்கு 70 தெனாரியஸ் என்றால் நாளுக்கு ஒன்றரை செஸ்டர்ஸ் சொச்சம். ஒரு நாள் மட்டம் போட்டால் மூன்று நாள் கூலி போச்சு. 25 தெனாரியஸ் ஒரு தங்கக்காசு என்பதால், ஆறு மாதம் தங்கம் வெட்டியவனுக்குக் கையில் வந்தது மூன்று தங்கக்காசுகூட இல்லை. லாஸ் மெதுலாஸின் சிவப்புக் கோபுரங்களைவிட எனக்கு இந்தப் பலகைதான் பெரிய மிச்சம்.

கடலோடி: முசிறிக்கு வந்த யவனர் பொன் இந்தச் சுரங்கத்துப் பொன்தானா?

ஒரு காசைக் கையில் வைத்துக்கொண்டு எந்த மலைத் தங்கம் என்று சொல்லிவிட முடியாது, உருக்கி உருக்கிக் கலந்தது அது. ஆனால் கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமின் தங்கத்தில் ஸ்பெயினின் பங்கு பெரியது, மிளகுக்காகத் தங்கம் இங்கே வந்ததும் அதே நூற்றாண்டில்தான். யவனர் கலம் பொன்னோடு வந்து மிளகோடு திரும்புவதை அகநானூறு சொல்கிறது. இந்தியா ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸை உறிஞ்சுகிறது என்று புலம்பியவரும் நம்ம பிளினிதான். புதுக்கோட்டைப் பக்கம் 1898-இல் கிடைத்த புதையலில் 501 ரோமத் தங்கக்காசுகள். பெரும்பாலானவற்றில் மன்னர் முகத்தின்மேல் உளிவெட்டு. இது நாணயம் இல்லை, வெறும் தங்கம் என்று அறிவிக்கிற வெட்டாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

வழிப்போக்கன்: நேரில் பார்க்க எங்கே போகலாம்?

பிரிட்டனில் இருப்பவர்கள் வேல்ஸில் ரோமானியர் தங்கம் எடுத்த டொலகோத்தி போங்கள். பம்சைன்ட் என்ற ஊரை ஒட்டியது, நேஷனல் டிரஸ்ட் பராமரிக்கிறது, சுரங்கத்துக்குள் கூட்டிப்போகிறார்கள். தண்ணீர் இறைத்த சக்கரத்தின் ஒரு துண்டு 1935-இல் அங்கே கிடைத்தது. வெளியே குழிகுழியாக ஒரு கல் நிற்கும். ஐந்து புனிதர்கள் தலைவைத்துப் படுத்த தடம் என்பது ஊர்க்கதை, தங்கப்பாறையைப் பொடித்த அடிக்கல் என்பது ஆய்வாளர் பேச்சு.

ரோஷியா மொண்டானாவில் ரோமானியர் உளியால் வெட்டிய பாதைகள் சுமார் ஏழு கிலோமீட்டர் மிஞ்சியிருக்கின்றன. அங்கே மறுபடியும் பெரிய திறந்தவெளிச் சுரங்கம் திட்டமிட்டதை எதிர்த்து 2013-இல் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். 2021-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, கூடவே ஆபத்தில் உள்ள இடம் என்றும் குறித்தது.

லாஸ் மெதுலாஸ் 1997-லேயே அந்தப் பட்டியலுக்கு வந்துவிட்டது. ஒரெல்லான் என்ற மேட்டிலிருந்து பார்த்தால் சிவப்புக் கூம்புகளும், இடையிடையே கஷ்கொட்டை மரங்களும் தெரியும். பக்கத்தில் இருக்கும் கருசேதோ ஏரி இயற்கை ஏரி மாதிரிதான் இருக்கும். சுரங்கக் கழிவு மண் பள்ளத்தாக்கை அடைத்ததால் தேங்கிய தண்ணீர் அது. 2025 ஆகஸ்டில் காட்டுத்தீ அந்தப் பக்கத்தில் நிறைய மரங்களைத் தின்றுவிட்டது. போகிறவர்கள் எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள்.