டிவியில் காட்டியவர் பக்கத்துத் தெருவில்: யாரிடம் சொல்வது?

கேள்வி: தனியார் சேனல் ஒன்றின் க்ரைம் நிகழ்ச்சியில், கொலை வழக்கில் தலைமறைவானவர் என்று ஒருவரின் படத்தைக் காட்டினார்கள். பக்கத்துத் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர் அச்சு அசல் அதே ஜாடை. சேனல் நம்பருக்குச் சொல்லலாமா? சொன்னால் ஸ்டேஷன், கோர்ட் என்று அலைய வேண்டிவருமா? வீட்டில் நானும் மகளும் மட்டுமே.
- வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: சேனலுக்கு வேண்டாம் அம்மா. அவசர உதவி எண் 112-க்குப் பேசுங்கள், அல்லது மாவட்ட எஸ்.பி. அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். 'இந்தப் படத்தில் உள்ளவரைப் போல ஒருவர் இந்த விலாசத்தில் இருக்கிறார், சரிபாருங்கள்' என்றால் போதும். 'அவர்தான்' என்று அடித்துச் சொல்லாதீர்கள். ஜாடை தப்பலாம்.

கோர்ட் பயத்துக்கு வருகிறேன். நீங்கள் கொலையைப் பார்த்தவர் அல்ல. ஆள் இருக்கும் இடத்தைச் சொல்பவர். வழக்குக்குத் தேவை, சம்பவத்தைப் பார்த்த சாட்சியும் தடயமும். குற்றம் பற்றிய தகவல் எங்கிருந்து கிடைத்தது என்று சொல்லும்படி போலீஸ் அதிகாரியைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது புதிய சாட்சியச் சட்டத்தின் 131-வது பிரிவு. சேனல் நிருபருக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. அப்படியே உங்களை விசாரிக்க நினைத்தாலும், பெண் என்பதால் வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்., பிரிவு 179). இதைத் தெரிந்துகொண்டே 'ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போங்கம்மா' என்று கூப்பிடுகிறவர்கள் உண்டு. தகவல் சொல்ல வருபவரைக் குற்றவாளிபோல உட்கார வைத்தால் அடுத்த முறை யார் வாய் திறப்பார்கள்? கூப்பிட்டால் பிரிவைச் சொல்லி மறுங்கள். வாக்குமூலம் எழுதினால் அதில் கையெழுத்துப் போடாதீர்கள். விசாரணை வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்பதும் சட்டம்தான்.

பிரிட்டனில் பிபிசி 1984 முதல் 2017 வரை நடத்திய 'க்ரைம்வாட்ச்' நிகழ்ச்சியில், வழக்கை விசாரிக்கும் போலீசாரே ஸ்டுடியோவில் இருந்து நேயர்களின் அழைப்பை வாங்கினார்கள். நீங்கள் பார்த்த நிகழ்ச்சியில் திரையில் ஓடும் நம்பர் சேனலுடையது என்றால், எடுப்பவர் போலீஸ் அல்ல. உங்கள் தகவல் முதலில் அவர்களுக்குச் செய்தி. போலீஸ் வருவதற்குள் கேமரா வந்துவிட்டால், ஆள் ஓடிவிடுவார். யார் சொன்னது என்பதும் தெருவுக்கே தெரிந்துவிடும். இன்னொரு கெடுதலும் உண்டு. படத்தைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பிவிட்டால், பிறகு உண்மையான சாட்சி அடையாள அணிவகுப்பில் (பலரை வரிசையாக நிறுத்தி ஆளைக் காட்டச் சொல்வது) அவரைக் காட்டினாலும், 'டிவியில் பார்த்துத்தானே காட்டினீர்கள்?' என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். வழக்கு அங்கேயே பலவீனமாகும்.

'நாலு பசங்களைக் கூட்டிட்டுப் போய்ப் பிடிச்சிடலாமா' என்று யாராவது கிளம்பினால் தடுங்கள். பொதுமக்கள் ஒருவரைப் பிடிக்க பி.என்.எஸ்.எஸ். 40-வது பிரிவு இடம் தருகிறது, ஆனால் இரண்டு நிலைமைகளில்தான்: ஜாமீனில் விட முடியாத கடுங்குற்றத்தை உங்கள் கண்ணெதிரே செய்தவர், அல்லது நீதிமன்றம் முறைப்படி 'அறிவிக்கப்பட்ட குற்றவாளி' என்று சொன்னவர். இந்த இரண்டாவதில்தான் குழப்பமே. டிவியில் 'தேடப்படும் குற்றவாளி' என்று சிவப்பு எழுத்தில் போட்டால் அவர் அறிவிக்கப்பட்ட குற்றவாளி ஆகிவிட மாட்டார். போலீஸ் சுவரொட்டி ஒட்டினாலும் ஆகிவிட மாட்டார். நீதிமன்றம் பிரகடனம் வெளியிட்டு, குறைந்தது 30 நாள் அவகாசம் கொடுத்து, அதற்குள்ளும் அவர் வராமல் இருந்து, அதன்பிறகு விசாரித்து அப்படி அறிவித்திருக்க வேண்டும். கொலை போன்ற பெரிய குற்றங்களில்தான் அந்த அறிவிப்பும் வரும். அப்படிப்பட்டவரைப் பிடித்தாலும் ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைத்தாக வேண்டும். இத்தனையையும் தெருமுனையில் நின்று யார் சரிபார்ப்பது? 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு மூதாட்டியைப் பிள்ளை கடத்துபவர் என்று சந்தேகித்து ஊரே அடித்துக் கொன்றது. டிவியில் காட்டிய அந்தப் படத்தை வாட்ஸ்அப் குழுவில் ஒருபோதும் போடாதீர்கள். ஆள் மாறியிருந்தால் அவதூறு வழக்கு உங்கள்மேல் வரலாம்.

கடைசியாக ரிவார்டு. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்காமலே ஆள் வருவான். 'எனக்கு ஸ்டேஷன்ல ஆள் இருக்கு, தொகையை வாங்கித் தர்றேன், பாதி எனக்கு' என்பான். இன்னொருவன் போலீஸ் அதிகாரி என்று சொல்லி வீடியோ காலில் வந்து, ரிவார்டை விடுவிக்கக் கட்டணம் கேட்பான். அரசு பரிசு கொடுப்பதற்கு உங்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்காது. ஓடிபி, வங்கி விவரம் எதையும் சொல்லாமல் போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குப் பேசுங்கள்.