கால்நடை கேள்வி - பதில்: எந்தப் பன்றி குறைவாகத் தின்று வளரும்?

கேள்வி: 40 வெண்பன்றிகள் வளர்க்கிறேன். மக்காச்சோளம், தவிடு, கடலைப் புண்ணாக்கு, தாது உப்பு கலந்து தீவனத்தை நானே அரைத்துப் போடுகிறேன். ரத்தப் பரிசோதனை செய்தால் குறைந்த தீவனத்தில் நன்றாக வளரும் பன்றிகளைப் பிரித்துவிடலாம் என்று ஒருவர் சொல்கிறார். தலைக்கு இவ்வளவு என்று பணமும் கேட்கிறார். செய்யலாமா டாக்டர்?
- நாமக்கல் வாசகர்

பதில்: வேண்டாம். அந்தப் பணத்துக்கு நல்ல தராசாக ஒன்று வாங்குங்கள்.

அவர் சொல்வது முழுப் புளுகும் அல்ல. பன்றி வளர்ப்புச் செலவில் 100 ரூபாய்க்கு 60, 70 ரூபாய் தீவனத்துக்கே போகிறது. ஒரே எடை, ஒரே வளர்ச்சி உள்ள இரண்டு பன்றிகளில் ஒன்று குறைவாகத் தின்னும். இன்னொன்று அதிகம் தின்னும். எது என்று கண்டுபிடிக்க, ஒவ்வொரு பன்றியும் தின்பதைத் தனித்தனியாக அளக்க வேண்டும். அதற்கு வெளிநாட்டு ஆராய்ச்சிப் பண்ணைகளில் காது வில்லையைப் படித்துத் தொட்டியை எடை போடும் கருவி இருக்கிறது. விலை நமக்குக் கட்டுப்படியாகாது. அதனால்தான் ரத்தத்தில் ஏதாவது அடையாளம் கிடைக்குமா என்று தேடுகிறார்கள்.

ஓரளவு கிடைத்தும் இருக்கிறது. அமெரிக்காவில் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் யார்க்‌ஷயர் பன்றிகளிலும், பிரான்சில் லார்ஜ் ஒயிட் பன்றிகளிலும், எடைக்கும் வளர்ச்சிக்கும் தேவையானதைவிடக் குறைவாகத் தின்பவற்றைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தார்கள். நம் வெண்பன்றியும் அதே வம்சம்தான். அயோவாவில் அப்படித் தேர்ந்தெடுத்த வழியில் வந்த குட்டிகளின் ரத்தத்தில் ஐ.ஜி.எஃப்-1 என்ற வளர்ச்சி ஹார்மோன் குறைவாக இருந்தது. பிரான்சில் அந்த வழிப் பன்றிகள் சும்மா அலைவதும் குறைவு, உடம்பு வெளியிடும் சூடும் குறைவு.

ஆனால் இதெல்லாம் கூட்டத்துக்குக் கூட்டம் ஒப்பிட்ட கணக்கு. உங்கள் கொட்டிலில் நிற்கும் ஒரு பன்றியை இதை வைத்துத் தரம் பிரிக்க முடியாது. வயது, போன வாரக் காய்ச்சல், போட்ட தீவனம் எல்லாமே அந்த ஹார்மோனை ஏற்றி இறக்கும். குளுக்கோஸ் பார்ப்பதாகச் சொன்னால் இன்னும் வேடிக்கை. மூக்கில் கயிறு போட்டு இழுத்து, அது ஊரைக் கூட்டி அலறும்போது கழுத்தில் ஊசி குத்தினால் அந்தப் பதற்றத்திலேயே சர்க்கரை ஏறிவிடும்.

உங்களுக்குப் பயன்படக்கூடிய பரிசோதனை ஒன்று உண்டு: ரத்த யூரியா. அது பன்றியைவிட உங்கள் தீவனத்தைப் பற்றித்தான் பேசும். கடலைப் புண்ணாக்கில் புரதம் நிறைய, ஆனால் புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில் ஒன்றான லைசின் குறைவு. லைசின் பற்றாவிட்டால் மற்ற அமினோ அமிலங்கள் எவ்வளவு இருந்தும் சதையாக மாறாது. மிஞ்சியதைக் கல்லீரல் யூரியாவாக்கிச் சிறுநீரில் தள்ளும். காசு கொடுத்து வாங்கிய புரதம் கொட்டிலில் அம்மோனியா வாடையாக உங்கள் கண்ணையே எரிக்கும். சோயா புண்ணாக்கை உயர்த்தி, கடலைப் புண்ணாக்கைக் குறைத்து, கொஞ்சம் லைசின் சேருங்கள். 25 முதல் 50 கிலோ வரை தீவனத்தில் லைசின் சுமார் 1 சதவீதம் வேண்டும். எடை ஏற ஏறக் குறைத்துக்கொள்ளலாம். மாற்றுவதற்கு முன்னும் சில வாரம் கழித்தும் நான்கைந்து பன்றிகளில் யூரியா பாருங்கள். தீவனம் வைத்த பிறகு யூரியா ஏறும் என்பதால் இரண்டு முறையும் ஒரே நேரத்தில் ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் தொட்டி. 30 கிலோவிலிருந்து 90 கிலோவுக்கு வளர ஒரு பன்றிக்கு 192 கிலோ தீவனம் ஆனது என்றால் எஃப்.சி.ஆர்., அதாவது ஒரு கிலோ எடை ஏற ஆன தீவனம், 3.2 கிலோ. அதில் 20 கிலோ கீழே சிந்திச் சாக்கடைக்குப் போயிருந்தால், பன்றி நிஜமாகத் தின்றதன் கணக்கு 2.9-க்கும் கீழே. பழியை மட்டும் பன்றி சுமக்கும். தொட்டியின் உதட்டைச் சரிசெய்துவிட்டு மாதம் ஒருமுறை எடை போடுங்கள்.

கேள்வி: குறைவாகத் தின்று நன்றாக வளரும் பெண் குட்டிகளையே தாய்ப்பன்றிகளாக நிறுத்தலாமா?
- தர்மபுரி வாசகி

பதில்: நிறுத்தலாம் அம்மா, ஆனால் அதை மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள். மேலே சொன்ன ஆராய்ச்சிகளில் அந்த வழி வந்த தாய்ப்பன்றிகள் பால் கொடுக்கும் காலத்தில் குறைவாகத் தின்று, உடம்புக் கொழுப்பைக் கரைத்துத்தான் குட்டிகளை வளர்த்தன. ஈனும்போதே ஒல்லியாக இருந்தால் அடுத்த பருவத்துக்கு வருவது தள்ளிப்போகும். தாய் எத்தனை குட்டி ஈன்றது, குட்டிக்கு நல்ல காம்பு 12-க்குக் குறையாமல் இருக்கிறதா, கால் நேராக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பால் கொடுக்கும் நாட்களில் தீவனத்தைக் கட்டுப்படுத்தாமல், வெயிலுக்கு முந்தி அதிகாலையில் ஒரு முறை கூடுதலாக வையுங்கள்.