கொல்லைப்புறம்: மார்ச் வெயிலும் மே மாதத்து உறைபனியும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், "வெயில் அடிக்கிறதே, நடலாமா?" என்றுதான் கேட்கின்றன. எழுதியவர்கள் இருக்கும் ஊரைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.

மார்ச் இரண்டாம் வாரமே பகலில் 14 டிகிரி வந்துவிட்டது. பனியெல்லாம் கரைந்து ஓடிவிட்டது. வீட்டுக்குள் வளர்த்த தக்காளி நாற்று ஓர் அடி உயரம் இருக்கிறது. வெளியே வைக்கலாமா? (கனடா, கால்கரி வாசகர்)

வேண்டவே வேண்டாம். நீங்கள் பார்ப்பது வசந்தம் இல்லை, சினூக் காற்று. பசிபிக் பக்கமிருந்து வரும் காற்று ராக்கி மலையில் ஈரத்தை இறக்கிவிட்டு, உங்கள் பக்கம் சரியும்போது காய்ந்து சூடாகிவிடுகிறது. சில மணி நேரத்தில் 20 டிகிரி ஏற்றும், அதே வேகத்தில் இறக்கியும் விடும். அடியில் மண் இன்னும் இறுகித்தான் கிடக்கும். கால்கரி கடல் மட்டத்துக்கு 1000 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர். மே கடைசி வரை உறைபனிக்கு வாய்ப்பு உண்டு. தக்காளிக்கு ஜூன் முதல் வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை நாற்றைப் பெரிய தொட்டிக்கு மாற்றி, தண்டைப் பாதி வரை புதைத்து, நல்ல வெளிச்சத்தில் வையுங்கள். புதைந்த தண்டிலும் வேர் விடும். அடுத்த முறை ஏப்ரலில் விதைத்தால் போதும். அப்புறம், வலை ஒன்று கைவசம் இருக்கட்டும். உங்கள் ஊர் ஆலங்கட்டி மழையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்க வேளாண் துறை வரைபடத்தில் எங்கள் ஊரும் டெக்சாஸ் ஆஸ்டினும் ஒரே மண்டல எண். அங்கே என் அண்ணிக்கு வெண்டைக்காய் கொட்டுகிறது. எனக்குச் செடி நாலு இலையோடு நின்றுவிட்டது. கத்தரியும் அப்படியே. (சியாட்டில் வாசகி)

அந்த எண்ணைக் காய்கறிக்கு வைத்துப் பார்ப்பதால் வரும் குழப்பம் இது. ஆண்டின் மிகக் குளிரான இரவு சராசரியாக எவ்வளவு குளிரும் என்பதை மட்டுமே அந்த எண் சொல்கிறது. 2023-ல் வெளியான வரைபடம் 1991 முதல் 2020 வரையிலான குளிர்கால அளவுகளை வைத்துப் போட்டது. மாதுளையோ அத்தியோ குளிர்காலத்தைத் தாங்குமா என்று பார்க்க அது உதவும். நாலு மாதத்தில் காய்த்து முடிகிற வெண்டைக்கு ஜனவரி இரவைப் பற்றி என்ன கவலை?

உங்கள் ஊரில் குளிர்காலம் மென்மை, ஆனால் வசந்தம் ஈரமும் மேகமுமாக இழுத்துக்கொண்டே போகும். மே மாத இரவுகள் சராசரியாக 10 டிகிரியை ஒட்டித்தான் இருக்கின்றன. ஆஸ்டினில் அப்போது இரவிலேயே வியர்க்கும். வெண்டை முளைக்க மண் 18 டிகிரியாவது வேண்டும், 20-க்கு மேல் போனால்தான் அதற்கு உற்சாகம். கத்தரிக்கு இரவு 12, 13-க்குக் கீழே போனால் முகம் சுருங்கிவிடும்.

சமையலறைத் தெர்மாமீட்டரை எடுத்து, காலை எட்டு மணிக்கு மண்ணில் ஒரு விரல் ஆழத்துக்குச் செருகிப் பாருங்கள். தொடர்ந்து நாலைந்து நாள் பாருங்கள். 5 டிகிரி என்றால் பட்டாணியும் ஸ்பினாச் கீரையும் போடலாம். 15 வந்தால் பீன்ஸ். 18 வராமல் வெண்டை விதையை வீணாக்காதீர்கள், ஈர மண்ணில் அழுகிப்போகும். தெற்கு பார்த்த சுவரோரம், கறுப்பு பிளாஸ்டிக் விரித்து மண்ணைச் சூடாக்கி, ஜூனில் நாற்றாக நட்டால் கொஞ்சம் காய் பார்க்கலாம். என்னைக் கேட்டால் அந்த இடத்தில் சிறு தக்காளி வைப்பேன். உங்கள் ஊர் வசந்தம் வெந்தயக்கீரைக்கும் முள்ளங்கிக்கும் பட்டாணிக்கும் வாய்த்தது. டெக்சாஸ் அண்ணியால் மே மாதத்தில் அதையெல்லாம் நினைத்தே பார்க்க முடியாது.

வானிலை அறிக்கையில் 2 டிகிரி என்றார்கள். காலையில் மிளகாய் நாற்று கறுத்துக் கிடந்தது. (மினியாபொலிஸ் வாசகர்)

அறிக்கையில் வரும் வெப்பநிலை தரையிலிருந்து ஆள் உயரத்தில் அளந்தது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரையோரம் அதைவிடச் சில டிகிரி குறையும். குளிர்ந்த காற்று தண்ணீரைப் போலப் பள்ளத்தில் போய்த் தேங்கும். நட்சத்திரம் தெளிவாகத் தெரிகிற, இலை அசையாத மே இரவில் 4 டிகிரி என்றாலே மூடிவிடுங்கள். பழைய வேட்டி போதும். பொழுது சாய்வதற்கு முன்பே, ஓரம் தரையில் படும்படி மூடினால் மண்ணின் சூடு உள்ளேயே நிற்கும். காலையில் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் என்றால் குச்சி நட்டு, இலையில் படாமல் மூடுங்கள்.

கொடி அவரை வேலியெல்லாம் படர்ந்தது. செப்டம்பர் கடைசியில்தான் பூத்தது, அக்டோபர் குளிரில் போய்விட்டது. என்ன உரம் போட? (டொராண்டோ, ஸ்கார்பரோ வாசகி)

உரமே போடாதீர்கள். இலை இன்னும் கூடும், அவ்வளவுதான். நானும் டொராண்டோவுக்கு வடக்கேதான் இருக்கிறேன். நம் பக்கத்துத் தோட்டக்காரர்கள் எல்லோருக்கும் இதே புலம்பல்.

ஊரில் ஆடியில் போட்ட கொடி அவரை மார்கழி, தையில் காய்க்கும். பகல் சுருங்கி இரவு நீண்டால்தான் அது பூக்கும். சென்னையில் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. டொராண்டோவில் ஜூன் பகல் 15 மணி 26 நிமிடம். நம் அவரை கோடை முழுக்க இரவுக்காகக் காத்திருக்கிறது. செப்டம்பர் 20-க்குப் பிறகு பகலும் இரவும் சமமாகும்போது அது விழித்துக்கொள்கிறது, உறைபனியோ வாசலில் நிற்கிறது. மே மாதத்து விக்டோரியா தின விடுமுறைக்கு முன்பே நட்டாலும் இந்தக் கணக்கு மாறாது.

வழி, விதையை மாற்றுவதுதான். பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத குத்து அவரை ரகங்கள் இருக்கின்றன. விதை தருகிறவரிடம் "நன்றாகக் காய்க்குமா?" என்று கேட்காமல், "இங்கே எந்த மாதம் பூத்தது?" என்று கேளுங்கள். ஜூலை என்றால் கை நீட்டி வாங்குங்கள். தொட்டியில் வளர்த்து மாலை ஆறு மணிக்கே இருட்டறையில் வைத்து, காலை எட்டுக்கு வெளியே எடுத்தாலும் முன்னதாகப் பூக்கும். ஓய்வு பெற்றவர்களுக்கு நல்ல வேலை.

நத்தை எல்லா நாற்றையும் தின்கிறது. மருந்து சொல்லுங்கள். (லண்டன் வாசகி)

மெட்டால்டிஹைடு கலந்த குருணையை 2022 வசந்தத்திலிருந்து பிரிட்டனில் தோட்டத்தில் போடக்கூடாது. பழைய டப்பா இருந்தாலும் தொடாதீர்கள். மாலையில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திக் காலையில் ஊற்றுங்கள். மழை விட்ட இரவில் டார்ச்சோடு போய்க் கையால் பொறுக்குங்கள். நாற்றை உள்ளங்கை உயரமாவது வளர்த்த பிறகு நடுங்கள்.

மே கடைசியிலிருந்து இரவே இல்லை. கொத்தமல்லி இரண்டு இலை விட்டதும் பூத்துவிடுகிறது. (வட நார்வே, ட்ரோம்சோ வாசகர்)

ஜூலை 20 தாண்டும் வரை உங்களுக்குச் சூரியன் மறையாது. நீண்ட பகலில் கொத்தமல்லி பூக்கத்தான் அவசரப்படும். பத்து நாளுக்கு ஒருமுறை நெருக்கமாகத் தூவி, விரல் உயரத்திலேயே அறுத்துவிடுங்கள். பூத்ததைப் பிடுங்கி எறியாதீர்கள். காய் பச்சையாக இருக்கும்போது பறித்து, ரசத்தில் நசுக்கிப் போடுங்கள்.